கிடாட விந்து எடுத்து சோதிச்சுத் தாற சேவை: கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து என்ட அனுபவம்

போன வருசம் ஆடி மாசத்தில எங்கட பட்டியில ஏழு மறி (பெட்டை ஆடு) சினை நிக்காம வரிசையா திரும்பிக் கத்தத் தொடங்கிற்று. கிடா ஏறுது, நாங்க எல்லாரும் கண்ணால பார்க்கிறம், 21 நாள் கழிச்சு அதே மறி மறுகா வாலை ஆட்டிக்கொண்டு வேலியோரம் நிண்டு கத்துது. ஒண்டு ரெண்டு எண்டா பரவாயில்ல, ஏழும் இப்பிடி எண்டா வீட்டில நித்திரை வருமா? நான் 19 மறி வச்சிருக்கன், அதுல வாற குட்டியள வித்துத்தான் தம்பிட படிப்பும் வீட்டுச் செலவும் போகுது, தீபாவளிக்கும் ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் விக்கிறதுக்கு எண்டு கணக்குப் போட்டு வச்சிருந்த குட்டி ஒண்டுமே இந்த வருசம் வராது போல கிடந்திச்சு.

கிடாவ 85,000 ரூவா குடுத்து வாங்கினது, ஜம்னாபாரி எண்ட ஆட்டினத்திட கலப்பு, காது தொங்கி மூக்கு வளைஞ்சு, நிண்டா ஒரு தோற்றம், வாற ஆக்கள் எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு போவாங்க. அதால ஆரும் கிடாவில பிழை எண்டு சொல்லல்ல. மாமி சொன்னா மறியளுக்குத்தான் சத்துக் காணாது, இன்னொராள் சொன்னார் புல்லில பிழை, ஒரு யாவாரி வந்து 60,000 தாறன் இறைச்சிக்குக் குடுங்க எண்டு கேட்டார், நானும் குடுக்கிற யோசினையிலதான் இருந்தன். அந்த நேரத்திலதான் ஏறாவூரில ஆடு வளர்க்கிற ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்) தம்பிக்கு இந்த ஆக்கள்ட நம்பரக் குடுத்தார். ஒரு டொக்டர் மிஸ்ஸும், அவவோட மாட்டுக்குச் சினை ஊசி போட்டுப் பழகின ஒரு அண்ணனும். ஆட்டோவில சாமானெல்லாம் ஏத்திக்கொண்டு வீட்டுப் படலைக்கே வந்து கிடாட விந்து எடுத்து, அங்கயே நுணுக்குக்காட்டியில பார்த்து, நல்லதா கெட்டதா எண்டு சொல்லிப்போட்டுப் போவாங்க. நல்ல கிடா இருந்தா அதுட விந்த ஐதாக்கி மறியளுக்குச் சினை ஊசியும் போட்டு, அதாவது கிடா ஏறாமலே விந்த குழாயால உள்ளுக்க விட்டுத் தருவாங்க. பேர இதில போடல்ல, அவங்க ரெண்டு பேர்தான், கனபேர் கூப்பிட்டா ஏலாது எண்டு அவங்களே கேட்டுக்கொண்டாங்க.

முதல் போன் கதைக்கக்குள்ளயே எனக்கு நம்பிக்கை வந்திட்டு. விலையச் சொல்ல முதல் கேள்விதான் கேட்டாங்க. கிடாவுக்கு என்ன வயசு, என்ன தீன், எத்தின மறிக்கு விடுறீங்க, கடைசி ரெண்டு மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்ததா. அந்தக் கடைசிக் கேள்விய நான் சும்மா கேக்கிறாங்க எண்டு நினைச்சிட்டு இல்ல எண்டு சொல்லிப்போட்டன். பக்கத்தில நிண்ட அம்மா சொன்னா, ஏன்டி ஆடி தொடக்கத்தில குளம்பில முள்ளேறி சீழ் வச்சு அஞ்சு நாள் தீன் எடுக்காம கிடந்ததே எண்டு. அதைச் சொன்ன உடன டொக்டர் மிஸ் சொன்னா, அக்கா கிடாவ விக்காதீங்க, நாங்க வந்து பார்க்கிறம் எண்டு.

வாறதுக்கு முதல் மூண்டு நாள் கிடாவ மறியளோட விடவேணாம், தனிய கட்டி வைங்க, விந்து எடுக்கிற அண்டைக்கு வேட்கையில உள்ள ஒரு மறி வேணும், நிழலுக்க ஒரு இடம், ஒரு கேத்தில் சுடுதண்ணி, இவ்வளவும்தான் கேட்டது. கிடாட அடிவயித்தில குறிக்கு முன்னால இருக்கிற நீட்டு மயிரக் கத்தரிச்சு விடச் சொன்னாங்க, அதில மூத்திரமும் ஊத்தையும் ஒட்டிக் கிடந்து விந்துக்குள்ள விழுமாம். தம்பி வெட்டினான், வெட்டி முடிய அவனக் குளிக்க வைக்கவே ரெண்டு வாளி தண்ணி போச்சு, கிடா மணம் அப்பிடி.

ஆவணி மாசம் ஒரு சனிக்கிழமை காலத்தால ஆறரைக்கு வந்திட்டாங்க. ஏன் இவ்வளவு வெள்ளன எண்டு கேட்டதுக்கு, வெயில் ஏறினா கிடாவுக்கும் ஏலா, எடுத்த விந்துக்கும் ஏலா எண்டாங்க. கச்சான் எண்ட சூடான காத்து வீசுற காலம் எங்கட பக்கம் எப்பிடி எண்டு தெரியுந்தானே, பத்து மணிக்கு மேல கொட்டில் தகரம் கைவைக்க ஏலாது.

உடன எடுக்கத் தொடங்கல்ல, முதல்ல கிடாவப் பிடிச்சு நிப்பாட்டி வாய் பல்லு, கால், குளம்பு எல்லாம் பார்த்து, விதைய ரெண்டு கையாலயும் அமத்திப் பார்த்து, டேப் வச்சுச் சுத்தளவு எடுத்தாங்க. 26 சென்ரிமீற்றர். அளவு பரவாயில்ல, ஆனா ரெண்டும் கொஞ்சம் மெத்தெண்டு இருக்கு எண்டு டொக்டர் சொன்னா. என்ட கையப் பிடிச்சு வச்சுக் காட்டினா. நல்ல கிடாட விதை இறுக்கமா, அதே நேரம் கல்லு மாதிரி இல்லாம இருக்கவேணுமாம். ஒரு வருசமா இந்தக் கிடாவுக்குக் குழை போடுறன், இத ஒருக்காலும் தொட்டுப் பார்த்ததில்ல.

எடுக்கிறதுக்கு அவங்க வச்சிருக்கிற சாமான் பெரிய மிசின் ஒண்டுமில்ல. ஒரு சாண் நீளத்துக்குத் தடிச்ச ரப்பர் குழாய், உள்ளுக்க மெல்லிய ரப்பர் உறை, ரெண்டுக்கும் நடுவில சுடுதண்ணி விட்டுக் கொஞ்சம் காத்தும் ஊதுறது, ஒரு நுனியில கோடு போட்ட கண்ணாடிக் குழாய். ஏ.வி., செயற்கை யோனி எண்டு சொல்றாங்க. தண்ணி விடக்குள்ள 50 பாகைக்கு மேல இருக்கும், ஆனா கிடா ஏறுற நேரம் உள்பக்கம் 42இல இருந்து 45 பாகைக்குள்ள இருக்கவேணும். அண்ணன் தேர்மோமீற்றர உள்ளுக்க விட்டுப் பார்த்துப் பார்த்துத்தான் கொண்டு போனார். சூடு குறைஞ்சா கிடா விடாது, கூடினா சுட்டுப்போடும், ஒருக்காச் சுட்டா அந்தக் கிடா பிறகு அந்தக் குழாயக் கண்டாலே ஒதுங்குமாம். வாய்ப் பக்கத்தில வஸ்லின் கொஞ்சூண்டு. கண்ணாடிக் குழாயையும் உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து துணியால சுத்தித்தான் மாட்டினார், குளிர்ந்த கண்ணாடியில விழுந்தா விந்தணு அந்த இடத்திலயே அடிபட்டுப் போகும் எண்டு.

எங்கட கிடா முதல் நாள் சரியாக் கூச்சப்பட்டுது. புது ஆக்கள், புது மணம். மறிய மோந்து பார்க்கும், மேல் உதட்டச் சுருட்டும், பிறகு இவங்களப் பார்த்துக்கொண்டு நிண்டிடும். முக்கால் மணித்தியாலம் போச்சு. அந்த இடத்தில அண்ணன் சொன்னார், கரண்ட் குடுத்து எடுக்கிற கருவியும் கிடக்கு, பின்பக்கத்தால விட்டுக் கொஞ்சம் கொஞ்சமா அதிர்வு குடுத்தா வந்திடும், போடவா எண்டு. நான் வேணாம் எண்டு சொன்னன். இத எழுதுறதுக்கு ஒரு காரணம் இருக்கு, இன்னொரு இடத்தில இப்பிடிச் செய்யக்குள்ள கிடா கத்தினத நான் கேட்டிருக்கன், அது மனசில நிக்குது. டொக்டர் மிஸ் உடன சரி எண்டு சொல்லிப்போட்டா, அதோட வடிவா விளப்பமும் சொன்னா: அப்பிடி எடுக்கக்குள்ள அளவு கூட வரும், ஆனா தண்ணியா வரும், மூத்திரமும் கலந்துபோகலாம், பழகாத கிடா, ஏற ஏலாம கால் நொந்த கிடா எண்டா மட்டும்தான் அது தேவை. ஒரு கருத்தும் சொல்லாம இருந்து காசுக்கு வேலைய முடிச்சிட்டுப் போயிருக்கலாம். போகல்ல. பாய் விரிச்சு இருந்து, அம்மா ஊத்தின தேத்தண்ணியக் குடிச்சு, கிடா பழகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாங்க.

பொறகு எட்டு மணிக்குக் கிட்ட ஏறிச்சு. முதல் ரெண்டு தரம் ஏற விட்டு இறக்கிப்போட்டாங்க, எடுக்கல்ல. அப்பிடி ஆசைய ஏத்தி ஏத்தி விட்டாத்தான் நல்லா வருமாம். மூண்டாம் தரம் ஏறக்குள்ள அண்ணன் வலப்பக்கம் குந்தி இருந்து, குறிய நேர தொடாம மேல்தோலால ஒரு பக்கம் சரிச்சு, குழாய சாய்ச்சுப் பிடிச்சார். ஒரே ஒரு எத்து. தலைய மேல தூக்கி முன்னுக்குப் பாய்ஞ்சுது, முடிஞ்சு. கண் இமைச்சிருந்தா நான் பார்த்திருக்கவும் மாட்டன்.

இதில ஒண்டு சொல்லோணும். பக்கத்து வளவு ஆக்கள் வேலியால எட்டிப் பார்த்து, பொம்பிளப் புள்ள நிண்டு பார்க்கிற வேலையா இது எண்டு அம்மாட்டக் கேட்டாங்க. அம்மா சொன்னா, குட்டி ஈனக்குள்ள ராவிராவா கையை விட்டு எடுக்கிறது அவதானே, அப்ப ஆரும் வரல்லயே எண்டு. டொக்டரும் பொம்பிள எண்டதால எனக்குக் கேள்வி கேக்க லேசா இருந்திச்சு. படுவான்கரையில (மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம்) ஆடு பார்க்கிறது கனபேர் பொம்பிளயள்தான், நீங்க கூச்சப்பட்டு உள்ளுக்க நிண்டா இவங்க சொல்றதுல பாதி உங்களுக்கு வந்து சேராது.

எடுத்த உடன ஓடிப்போய் குழாய 37 பாகைத் தண்ணிக்குள்ள வச்சிட்டாங்க. முதல்ல கண்ணால பார்க்கிறது. கிடாட விந்து ஆடைப்பால் மாதிரி வெள்ளையா, சாடையா மஞ்சள் பத்தினதா, கட்டியா இருக்கவேணும். நல்ல மஞ்சளா மூத்திர மணத்தோட இருந்தா மூத்திரம் கலந்திருக்கு, ரோசாவா இருந்தா புது ரத்தம், மண் நிறமா இருந்தா பழைய ரத்தம், பச்சை பத்தித் திரி திரியா இருந்தா சீழ். எங்கடது 0.9 மில்லி, அளவில குறை இல்ல, சாதாரணமா அரை மில்லியில இருந்து ஒன்றரை மில்லி வரைக்கும் வரும். ஆனா பார்க்கக்குள்ள பால் மாதிரி இல்லாம, பாலில தண்ணி விட்ட மாதிரி.

மறுகா நுணுக்குக்காட்டி. ஒரு சொட்டு, சூடாக்கின கண்ணாடியில. ஐஞ்சுக்கு மார்க் போடுறது, நல்லதா இருந்தா சின்னக் கண்ணாடியிலயே புயல் நேரத்துக் கடல் மாதிரி அலை சுழண்டு சுழண்டு அடிக்கும், அதுதான் 4, 5. எங்கட கிடாடத அவங்க காட்டக்குள்ள அலையே இல்ல, அங்க இங்க கொஞ்சம் நெளியுது. மார்க் 1. பெருசாக்கிப் பார்த்தா நேரா முன்னுக்கு ஓடுறது நூத்துக்கு 30தான், நல்ல கிடாவில 70க்கு மேல இருக்கோணும். பிறகு நிறம் ஏத்தி ஒரு கண்ணாடி செய்தாங்க, கறுப்புப் பின்னுக்கு உசிரோட இருக்கிறது வெள்ளையாத் தெரியும், செத்தது சாயத்தக் குடிச்சு ரோசாவாத் தெரியும். என்னை இருக்கவச்சு எண்ணச் சொன்னாங்க. நானும் தம்பியும் மாறி மாறி எண்ணினம். ரோசா, ரோசா, வாலில்லாத தலை, சுருண்ட வால், ரோசா. எனக்கு அழுகையே வந்திட்டு. 85,000 குடுத்து வாங்கின கிடா, அந்த உசரம், அந்த நடை, அதுக்குள்ள இது.

டொக்டர் அப்ப சொன்னதுதான் நான் இந்த சேவைக்குக் குடுத்த காசுட பெறுமதி. விதை எப்பவும் உடம்பவிட 4, 5 பாகை குளிரா இருக்கவேணும், அதுக்குத்தான் அது வெளியால தொங்குது. காய்ச்சல் வந்தா அந்தக் குளிர் போயிடும், உள்ளுக்க வளர்ந்துகொண்டிருக்கிற விந்தணு பழுதாகும். ஒரு விந்தணு தொடக்கத்தில இருந்து உருவாகி முடிய ஏழு கிழமை மட்டில போகும், பிறகு குழாயால பயணம் பண்ணி முத்திறதுக்கு இன்னும் ரெண்டு கிழமை வரைக்கும். அதால ஆடியில வந்த காய்ச்சல் ஆவணியில தெரியுது. அதோட கச்சான் வெக்கையும் சேர்ந்திருக்கு. பழுதானதெல்லாம் வெளியேறி புதுசு வரட்டும், ரெண்டு மாசம் குடுங்க, அதுக்குள்ள விதை இறுகல்ல, மார்க் ஏறல்ல எண்டா அப்ப விப்பம் எண்டா. கொட்டில் கூரைக்கு மேல கிடுகு போடச் சொன்னா, தண்ணி எப்பவும் நிழலுக்க, இப்பில் இப்பில், கிளிரிசீடியாக் குழையோட கொஞ்சம் புண்ணாக்கு, தாதுக்கல் உப்புக்கட்டி. கிடாவ இந்த ரெண்டு மாசமும் சும்மா நிப்பாட்டாம கிழமைக்கு ஒருக்கா ஏற விடச் சொன்னா.

அதுவரைக்கும் மறியள் சும்மா நிக்கிறதா? அதுக்குத்தான் ஏறாவூர்க் காக்காட கிடா. அதையும் இவங்கதான் ஒழுங்கு பண்ணினாங்க, ஆனா எடுத்த எடுப்பில செய்யல்ல. அந்தக் கிடாட ரத்தம் எடுத்து புரூசெல்லா எண்ட தொத்து நோய்க்கான டெஸ்ட் ரிசல்ட் வரும் வரைக்கும் ஊசி போடமாட்டம் எண்டு நிண்டாங்க. எனக்கு அப்ப பொறுமை இல்ல, ரெண்டு தரம் போன் எடுத்துக் கேட்டுப் போட்டன். இப்ப யோசிச்சா அவங்க செய்ததுதான் சரி, ஒரு கிடாட நோய் ஊசியால பத்துப் பட்டிக்குப் போகலாம், குட்டி விழுத்திறதோட அது நிக்காது, மனிசருக்கும் காய்ச்சலாத் தொத்தும். இப்பிடி டெஸ்ட் கேக்காம ஊசி போட வாற ஆக்கள நீங்க படலைக்குள்ள எடுக்காதீங்க.

ஆறு மறியத் தெரிவு செய்து, எல்லாம் ஒரே நாளில வேட்கைக்கு வரட்டும் எண்டு 11 நாள் இடைவெளியில ரெண்டு மருந்து ஊசி. போட முதல் வயித்தில குட்டி இருக்கிற மறி ஒண்டும் இதுக்குள்ள இல்லத்தானே எண்டு மூண்டு தரம் கேட்டாங்க, இருந்தா விழுந்திடும். அந்த நேரம் மச்சாள் மாசமா இருந்தா, மறியப் பிடிக்க வந்தவவ அண்ணன் தள்ளி நிக்கச் சொன்னார், இந்த மருந்து கையில பட்டாலே கர்ப்பிணியளுக்குக் கூடாதாம். மூச்சு முட்டு வருத்தம் உள்ளவங்களும் தொடக்கூடாதாம். பேணியில சின்னதா எழுதிக் கிடக்கிறத ஆர் வாசிக்கிறது, இப்பிடி வாயால சொல்றதுதான் எங்களுக்கு உதவி.

காக்காட கிடாடது 1.2 மில்லி, அலை 4, ஓடுறது 75, மில்லிக்கு 300 கோடி விந்தணு. தம்பி ஓஎல் சோதினை எடுக்கிறவன், அவன இருக்க வச்சு டொக்டர் கணக்குச் செய்யச் சொன்னா. 1.2ஐ 300ஆல பெருக்கினா 360 கோடி, அதில ஓடுறது 270 கோடி, ஒரு மறிக்கு 15 கோடி போட்டா 18 மறிக்குக் காணும். ஒரே ஒரு எத்துக்கு 18 மறி. இயற்கையா விட்டா அது ஒரு மறிக்குத்தான். தம்பி அண்டைக்கு ராவு முழுக்க இதத்தான் கதைச்சான்.

ஐதாக்கிறது ஆடை நீக்கின பால்மாவில. மா கரைச்சு 92 பாகைக்கு மேல 10 நிமிசம் சூடாக்கி ஆற வச்சு, பக்டீரியா வராம மருந்து சேர்த்துக் கொண்டு வந்திருந்தாங்க, பச்சையா விட்டா பாலில இருக்கிற ஒரு பொருளே விந்தணுவுக்குக் கூடாதாம், சூட்டுக்குத்தான் அது செயல் இழக்கும். மாட்டு விந்துக்கு முட்டை மஞ்சக்கரு விடுறத நான் கேள்விப்பட்டிருக்கன், ஏன் இதுக்கு இல்ல எண்டு கேட்டன். ஆட்டில அது கவனமா இருக்கோணும், கிடாட ஒரு சுரப்பி நீரில இருக்கிற நொதியம் மஞ்சக்கருவ உடைச்சு நஞ்சாக்கிப்போடும், மஞ்சக்கரு கூடப் போடுறதெண்டா விந்தச் சுழட்டிக் கழுவித்தான் போடோணும், எங்கட்ட அந்த மிசின் இல்ல எண்டு உள்ளத உள்ளபடி சொன்னா. உறைய வைக்கிற வசதியும் இவங்கட்ட இல்ல. மாட்டுக்கு கண்டிப் பக்கம் குண்டசாலை நிலையத்தில இருந்து வாற மாதிரி மைனஸ் 196 பாகையில கிடக்கிற உறைவிந்துக் குழாய் எதிர்பார்த்துக் கூப்பிடாதீங்க. அண்டைக்கு எடுத்து அண்டைக்கே போடுறதுதான்.

இப்ப குறை. அந்தச் சினை ஊசி நாள் எட்டு மணிக்கு வாறம் எண்டவங்க வரக்குள்ள பத்தரை. வலையிறவுப் பாலத்துக்கு அங்கால டயர் காத்துப் போச்சாம். மறி ஆறும் காலத்தாலயே பிடிச்சுக் கட்டி, வெயிலுக்க, நாங்க பச்சத்தண்ணி குடிக்காம நிக்கிறம். போனும் எடுக்கல்ல. டயர் காத்துப் போறது ஆருக்கும் வரும், ஆனா ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம், இத அவங்கட முகத்துக்கு நேரயே சொன்னன். விந்து ரெஜிபோம் பெட்டியில தண்ணிப் போத்தலுக்க இருந்து மெதுவா குளிர்ந்து 5 பாகைக்கு வந்திருந்திச்சு, ஐஸில நேர படாம வச்சிருந்தாங்க. அத அப்பிடியே ஏத்தாம மறுகா ஒரு சொட்டு சூடாக்கிப் பார்த்தாங்க, 75 எண்டிருந்தது 65ஆக் குறைஞ்சிருந்திச்சு. அத மறைக்கல்ல, ரிப்போட்டில அவங்கட கையாலயே எழுதினாங்க.

மறிட பின்னங்கால அண்ணன் தூக்கிப் பிடிக்க, டொக்டர் லைட் பூட்டின குழாய விட்டு கருப்பை வாயத் தேடி அதுக்குள்ள ஏலுமான ஆழத்துக்கு விட்டா. ஆட்டில மாட்டு மாதிரி உள்ளுக்க முழுக்கப் போக ஏலா, மடிப்பு மடிப்பா இருக்கும். அதில வாற வழும்பு கண்ணாடி மாதிரி இருந்தா இன்னும் நேரம் இருக்கு, கலங்கி வந்தா அதுதான் நேரம், தயிர்க்கட்டி மாதிரி ஆகிட்டா பிந்திட்டு. ஒரு மறிக்கு அப்பிடித் தயிர்க்கட்டியாத்தான் இருந்திச்சு, இதுக்குக் காசு எடுக்கல்ல, போட்டுப் பார்ப்பம் எண்டா.

ஆறில மூண்டு நிண்டுது. சரிபாதி. அவங்க முதல்லயே இப்பிடித்தான் வரும், நூத்துக்கு நூறு எண்டு சொல்ற ஆள நம்பாதீங்க எண்டு சொல்லியிருந்ததால எனக்கு மனவருத்தம் இல்ல. அந்த ரெண்டரை மணித்தியாலம் பிந்தாட்டி நாலு நிண்டிருக்குமோ எண்டு மட்டும் ஒரு எண்ணம் கிடக்கு.

ஐப்பசி கடைசியில, மாரி இறங்க முதல், எங்கட கிடாவ மறுகா பார்க்க வந்தாங்க. இந்த முறை அது பத்து நிமிசத்தில ஏறிச்சு. ஆனா எடுத்து வச்சு நுணுக்குக்காட்டியில பார்த்தா ஒண்டும் அசையல்ல. அண்ணன் என்னைப் பார்த்து, அக்கா இது சரிவராது போல எண்டார். எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. டொக்டர் கண்ணாடியத் தொட்டுப் பார்த்திட்டு, நில்லுங்க எண்டா. கரண்ட் போயிருந்திச்சு, சூடாக்கிற தட்டு குளிர்ந்துபோய்க் கிடந்திருக்கு, கண்ணாடி குளிர்ந்தா விந்தணு உறைஞ்ச மாதிரி நிண்டிடும். சுடுதண்ணிப் போத்தலுக்கு மேல புதுக் கண்ணாடிய வச்சுச் சூடாக்கி மறு சொட்டு போட்டாங்க. அலை. நான் பார்த்தன், மேகம் உருளுற மாதிரி உருண்டு உருண்டு அடிக்குது. மார்க் 4, ஓடுறது 80, விதையும் இறுகியிருந்திச்சு. அண்ணன் அந்த இடத்திலயே மன்னிப்புக் கேட்டார். கேட்டது பெருசு, ஆனா அவர் சொன்ன ஒரு சொல்ல நம்பி நான் அண்டைக்கே யாவாரிக்குப் போன் எடுத்திருந்தா? பட்டரி ஒண்டு கூடக் கொண்டு வாங்க எண்டு கட்டாயமாச் சொல்லியிருக்கன்.

செலவு எழுதுறன், கனபேர் கேப்பாங்க. கிடா டெஸ்ட் ஒருக்காவுக்கு 5,000, ரெண்டு தரம் 10,000. காக்காட கிடாவில எடுத்து ஐதாக்கிக் கொண்டுவந்த நாளுக்கு 4,000. சினை ஊசி மறிக்கு 1,000, ஒண்டுக்கு எடுக்காததால 5,000. வேட்கைக்குக் கொண்டுவாற மருந்து 4,200. மொத்தம் 23,200. ரெண்டு மறி வச்சிருக்கிற ஆக்களுக்கு இது கட்டாது, பக்கத்தில நல்ல கிடாவுக்குக் கொண்டு போய் விடுறதுதான் சரி. ஆனா பத்துக்கு மேல மறி வச்சு ஒரே கிடாவ நம்பி இருக்கிற ஆக்கள், முக்கியமா காசு குடுத்துக் கிடா வாங்கப்போற ஆக்கள், அந்த 5,000ஐ யோசிக்காதீங்க. நான் இனிக் கிடா வாங்கிறதெண்டா விந்து பார்க்காம வாங்கமாட்டன். காது நீளத்தையும் முதுகு உசரத்தையும் பார்த்து விலை பேசுறம், விலை பேசவேண்டிய சாமானப் பார்க்கிறதே இல்ல.

இன்னொரு குறை ரிப்போட். முதல் தந்த தாள் முழுக்க இங்கிலீசில. தம்பி இல்லாட்டி எனக்கு ஒண்டும் விளங்கியிருக்காது. சொன்னதும் டொக்டர் மிஸ் பின்பக்கத்தில தமிழில எழுதித் தந்தா, ரெண்டாம் தரம் வரக்குள்ள தமிழ்த் தாளே அடிச்சுக்கொண்டு வந்தா. அந்தத் தாளக் கொட்டில் மரத்தில பொலித்தீன் சுத்தி ஒட்டி வச்சிருக்கன்.

காக்காட கிடாக்கு நிண்ட மூண்டு மறியும் மாசிக் கடைசியில ஈண்டுது, ஊசி போட்ட நாளில இருந்து 149, 150, 152 நாள். அஞ்சு குட்டி, ஒண்டு பிறக்கக்குள்ளயே சோர்ந்து கிடந்து ரெண்டாம் நாள் போயிட்டு, மற்ற நாலும் பால் குடிச்சுத் துள்ளுதுகள், காது இப்பவே தாடைக்குக் கீழ தொங்குது. திரும்பிக் கத்தின மற்ற மறியளுக்கு எங்கட கிடாவையே விட்டம், கார்த்திகையில இருந்து ஒண்டும் மறுகா கத்தல்ல. பங்குனி கடைசி, சித்திரையில ஈனத் தொடங்கும்.

கூப்பிடுறவங்களுக்கு: செவ்வாயும் சனியும்தான் படுவான்கரைப் பக்கம் வாறாங்க. சவர்க்காரம் போட்டுக் கழுவின பாத்திரம் ஒண்டையும் விந்துக்குக் கிட்ட கொண்டு போகாதீங்க, பச்சத்தண்ணி ஒரு சொட்டுப் பட்டாலும் அவ்வளவும் போச்சு. கிடாவுக்குக் காய்ச்சல் வந்த திகதிய எழுதி வச்சிருங்க, முதல் கேள்வி அதுதான் கேப்பாங்க. எங்கட கிடாவுக்கு அடுத்த டெஸ்ட் கச்சான் காத்து முடிய, புரட்டாதியில எண்டு இப்பவே சொல்லி வச்சிட்டன். நம்பர் வேணுமெண்டா தனியாக் கேளுங்க, தாறன்.